டிக்கிரிக்கு விரதம்

அத்தியாயம் 11

நாய் செத்துப்போய்விட்டதென்றுதான் யசோதா முதலில் நினைத்தாள்.

குசினியில், அடுப்பு மூலையில் மடித்துப் போட்ட சாக்கின் மேல் டிக்கிரி ஒருக்களித்துக் கிடந்தது. கண் பாதி திறந்திருந்தது. நாக்கு ஓரமாய் வெளியே தொங்கியது. முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தாள். விட்டதும் நனைந்த துணி மாதிரித் தொப்பென்று விழுந்தது.

"ஏய்... டிக்கிரி... ஏ சனியனே, எந்திரி!"

சனியன் என்றால் உடனே உறுமுகிற நாய். இன்றைக்கு உறுமவில்லை.

கடைப் பரணில் சாமான் எடுக்கப் போய் ஏணியோடு சரிந்து, இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் இராமநாதன். ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தூக்கும்போது மனுசன் கடையைப் பற்றிக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்று அழுத பெண்டாட்டிக்கு ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை. "யசோ, டிக்கிரிக்கு கொஞ்சம் கொஞ்சமா நாலு தரம் குடு. வயித்தக் காய விட்டுறாத. கோழி அவிச்சு, எலும்பில்லாம" என்றார். மகன் கஜேந்திரன் முகத்தைத் திருப்பிச் சிரித்துக்கொண்டான். யசோதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாலு தரமாம்!

நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒற்றை அறை லயத்துக் காம்பராவில் பிறந்தவள் அவள். அம்மா கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து மலைக்கு ஏறிவிட்டால், பிள்ளை மடுவத்தில் கிடக்கும் பிள்ளைகளுக்கு மத்தியானம் ஒரு ரொட்டி. சில நாள் அதிலும் பாதி. அந்த வயிற்றோடு வளர்ந்தவளிடம், தேங்காய் அளவு நாய்க்கு நாலு வேளைச் சாப்பாடு என்றால் கோபம் வராமல் என்ன வரும்?

அதோடு கந்த சஷ்டியும் தொடங்கிவிட்டது. வருசா வருசம் ஆறு நாளும் ஒரு வேளைச் சாப்பாட்டோடு இருப்பவள். புருசன் விழுந்து கிடக்கிற வருசத்தில் விடுவாளா? கோழி அவிக்கிற சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெளியே விறகுக் கொட்டிலில் கவிழ்த்துவிட்டாள். வீட்டுக்குள் முட்டை வாடைகூட வரக்கூடாது. நாய்க்கும் சைவம்தான். தயிர்ச் சோற்றைக் குழையப் பிசைந்து வைத்தாள். டிக்கிரி முகர்ந்து பார்த்தது. மூக்கைச் சுளித்தது. பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டது.

"திங்காட்டி போ. பசிச்சா தன்னால வருவ."

வரவில்லை. நேற்று மத்தியானம் இல்லை, இரவும் இல்லை. இன்று விடிந்ததிலிருந்து நடுங்கிக்கொண்டு நின்றது. ஆனால் அது எப்போதும் நடுங்குகிற நாய்தான். குளிருக்கும் நடுங்கும், கோபத்துக்கும் நடுங்கும், தபால்காரனைக் கண்டாலும் நடுங்கும். அதனால் அவள் கணக்கில் எடுக்கவில்லை. குடிகாரன் மாதிரிச் சுவரில் முட்டி முட்டி நடந்தபோது சிரிக்கக்கூடச் செய்தாள்.

இப்போது சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. டிக்கிரியின் நெஞ்சில் கையை வைத்தாள். விரலுக்கடியில், நின்றுபோகப் போகிற தையல் மெசின் மாதிரி, ஏதோ ஒன்று மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.

உயிர் இருக்கிறது.

துவாயில் சுருட்டித் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கட்டிவைத்த சாப்பாட்டுக் கூடை மேசையிலேயே கிடந்தது. செருப்பு மாறிப் போட்டிருந்தாள். ஒன்று அவளுடையது, ஒன்று கஜேந்திரனுடையது.

நாலு வருசத்துக்கு முன்னால் இராமநாதன் இந்த நாயைக் கோட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தபோது எலி என்றுதான் நினைத்தாள். சிவாவாவாம், அப்படி ஒரு இனமாம். முகத்தைவிடக் காது பெரிசு. உச்சந்தலையில் பச்சைப் பிள்ளைக்கு இருப்பதுபோல ஒரு மெத்துக் குழி. அதில் யாரும் தட்டிவிடக் கூடாது. கழுத்தில் வார் போடக் கூடாது, தொண்டை நசுங்கும். நெஞ்சைச் சுற்றித்தான் பட்டி. சோபாவிலிருந்து குதித்தால் கால் முறியும். அந்த உடம்பை வைத்துக்கொண்டு எதிர்வீட்டு அல்சேஷனைப் பார்த்து, வாடா ஒரு கை பார்க்கலாம் என்கிற மாதிரிக் குரைக்கும். கஜேந்திரனை இரண்டு தரம் கடித்திருக்கிறது. யசோதாவைச் சமையல்காரி என்ற அளவில் சகித்துக்கொண்டது. அதற்கு உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான், இராமநாதன். அவர் உடுத்திய சாரத்துக்குள் புகுந்துகொண்டு மூக்கை மட்டும் வெளியே நீட்டும்.

பின்னேரமானால் அவர் அதற்குப் பட்டியை மாட்டிவிடுவார். "குளத்தைச் சுத்தி நடத்திட்டு வாறேன்" என்று போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவார். இந்த இனத்துக்குக் கால் மணி நேரம் நடந்தாலே போதும், மிச்சத்தை வீட்டுக்குள் ஓடியே தீர்த்துக்கொள்ளும் என்று நாய் டொக்டர் சொன்னதாகக் கஜேந்திரன் ஒருநாள் கேலி பண்ணினான். யசோதா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாயைத் தூக்கிக்கொண்டு புருசன் வெளியே போனால், டீவி அவளுக்கு.

ஏற்றத்தின் அடியில் றவூப் ஆட்டோவுக்குள் காலை நீட்டிப் படுத்திருந்தான்.

"றவூப் தம்பி! நாய் டொக்டர்கிட்ட விடு, சுறுக்கா!"

அவன் துவாயை விலக்கிப் பார்த்துவிட்டுத் துள்ளி எழுந்தான். "யா அல்லாஹ், மொதலாளிட டிக்கிரி! என்னம்மா செஞ்சீங்க இதுக்கு?"

"நான் என்னா செஞ்சேன்? வீட்டுல விரதம்."

"ஒங்களுக்கா, இதுக்கா?"

யசோதா ஏறி உட்கார்ந்தாள்.

"டொக்டர் பின்னேரந்தான் கடை தெறப்பாரு. பேராதனை மிருக ஆஸ்பத்திரிக்குப் போகலாம். ஆனா இந்த ட்ராபிக்ல போய்ச் சேருறதுக்குள்ள இது முடிஞ்சிரும்." றவூப் பிடரியைச் சொறிந்தான்.  மறுபடி நாயைப் பார்த்தான். "ஒரு எடம் ஈக்கிது, கிட்டதான். முன்னுக்கும் ஒருக்கா இப்பிடி விழுந்திச்சு. அங்கதான் எழுப்பினாங்க."

"முன்னுக்கும் ஒருக்காவா? எப்ப? எனக்குத் தெரியாம?"

றவூப் வண்டியைக் கிளப்பினான்.

மஹியாவ தாண்டியது. வண்டி குளத்துப் பக்கம் திரும்பவே இல்லை. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் பறந்தது. யசோதா துவாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் குனிந்தாள்.

"றவூப், உண்மையச் சொல்லு. அவரு பின்னேரம் நாயைக் கூட்டிட்டு இந்தப் பக்கமா வாறாரு?"

"சவாரி சொன்னா போகத்தானே வேணும்மா."

"தெனமுமா?"

"மழ நாள்ல இல்ல."

"யாரு வீட்டுக்கு?"

பஸ் ஒன்றை முந்திக்கொண்டு போய்த்தான் பதில் சொன்னான். "ஒரு பொம்பளட வீடு."

யசோதாவுக்குக் கண் இருட்டியது. விரத வயிறு வேறு.

கால் மணி நேரம் நடந்தால் போதுமான நாய். நாலு வருசம். ஒவ்வொரு பின்னேரமும் அவளே இஸ்திரி போட்டுக் கொடுத்த சேட்டைப் போட்டுக்கொண்டு, பவுடர் பூசிக்கொண்டு... பவுடர்! குளத்தைச் சுற்றி நடக்கிறவனுக்குப் பவுடர் எதற்கு? இவ்வளவு காலமும் அவள் மண்டையில் என்ன இருந்தது, களிமண்ணா?

"கோயில் கமிட்டியில நிக்கிற மனுசன்" என்றாள் சத்தமாக. "அறுபத்தஞ்சு வயசுல சின்ன வீடு!"

"ஐயோ அம்மா, அப்பிடியில்ல..."

"வாய மூடிட்டு ஓட்டு. நாய் சாகுதுன்னு பாக்குறேன். இல்லாட்டி உன்னைய இங்கயே எறக்கி வச்சு அடிச்சிருப்பேன்."

"மொதலாளியும் என்னைக் கொல்லத்தான் போறாரு" என்று றவூப் முணுமுணுத்தான். "நீங்க அடிச்சா ஒரு மாதிரி, அவரு அடிச்சா ஒரு மாதிரி."

பாலத்தைக் கடந்து ஒரு ஒழுங்கைக்குள் நுழைந்தான். பச்சைக் கேற்றடியில் நிறுத்தி இரண்டு தரம் ஹோர்ன் அடித்தான். அடித்த விதத்திலேயே தெரிந்தது, இது தினமும் அடிக்கிற ஹோர்ன்.

யசோதா இறங்கினாள். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது, தலைமுடியைப் பிடிப்பதா, காறித் துப்புவதா என்று எதுவும் தீர்மானமாகவில்லை. உள்ளேயிருந்து செருப்புச் சத்தம் ஓடி வந்தது.

"றவூப் நானா, அப்பாவுக்கு என்னா? ஒப்பரேசன் முடிஞ்சிருச்சா?"

அப்பா.

அந்தக் குரலை எட்டு வருசமாக யசோதா கேட்டதில்லை. கேட்காமலே தினமும் கேட்டுக்கொண்டிருந்த குரல்.

கேற் திறந்தது. தலையில் முக்காடு, கை நிறைய ரொட்டி மா. கொஞ்சம் சதை போட்டிருந்தாள் மகள். சஞ்சீவனி.

 கட்டாரில் இருக்கிறாள் என்றார் இராமநாதன். புருசனோடு போய்விட்டாள், இனி இந்த நாட்டுப் பக்கம் வரமாட்டாள், அந்தப் பேச்சு இந்த வீட்டில் முடிந்தது என்றார். கட்டார் எங்கே இருக்கிறது? கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது!

"அம்மா..." என்றாள் சஞ்சீவனி.  பிறகு கண் துவாயில் விழுந்தது. "டிக்கிரி! ஐயோ, சாப்பிடலையா இது? எப்ப கடைசியா திண்டிச்சு?"

"நேத்து... முந்தாநேத்து ராத்திரி."

"குடுங்க இங்க!"

பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். "மாமி! தேன் போத்தல கொணாங்க, சுறுக்கா!"

வாசல் மூலையில் ஒரு சின்ன மெத்தை கிடந்தது. அதில் நாயை வைத்தாள். உள்ளேயிருந்து வயதான பெண் ஒருத்தி போத்தலோடு வந்து, நிலைப்படியைத் தாண்டாமல் கையை மட்டும் நீட்டிக் கொடுத்தாள். சஞ்சீவனி விரலில் தேனைத் தொட்டு, நாயின் உதட்டைத் தூக்கி, பல் முரசில் தடவினாள். உள்ளே ஊற்றவில்லை. தடவினாள், தேய்த்தாள், மறுபடி தொட்டாள். துவாயை மூடி உடம்பைச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டாள்.

"சீனி குறைஞ்சிரும் இதுக்கு. ஒடம்புல சேத்து வைக்க எடமே இல்ல. ஒரு நாள் திங்காட்டியும் விழுந்திரும். அப்பா சொல்லலையா?"

"சொன்னாரு" என்றாள் யசோதா. "நாய்க்குச் செல்லங் குடுக்குறாருன்னு நெனச்சேன்."

அவள் பார்வை மெத்தையில் நின்றது. மெத்தைக்குப் போட்டிருந்த உறை மாம்பழ நிறம், கருநீலக் கரை. அவளுடைய சேலை. அலுமாரி முழுக்கக் கொட்டித் தேடி, கடைசியில் துணி காயப்போட்ட கொடியிலிருந்து எவளோ களவெடுத்துவிட்டாள் என்று பக்கத்து வீட்டு இராஜகுமாரியோடு பேச்சை நிறுத்தியிருந்தாளே, அந்தச் சேலை. மூன்று வருசமாக அந்தப் பெண்ணோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நாயின் நாக்கு அசைந்தது. தேனை நக்கியது. காது ஒன்று நிமிர்ந்தது, பிறகு மற்றது. கண்ணைத் திறந்து சஞ்சீவனியைப் பார்த்தது. கஜேந்திரனை இரண்டு தரம் கடித்த நாய், இந்த வீட்டு மனுசியின் விரலை வாயில் வைத்துக்கொண்டு வாலை ஆட்டியது.

றவூப் கேற்றடியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அல்ஹம்துலில்லாஹ். மொதலாளி என்னை அர உயிரோடயாச்சும் உடுவாரு."

"கை, மகள், கை!" என்றாள் நிலைப்படியில் நின்ற றம்லத், சஞ்சீவனியின் மாமியார். "நாய்ட வாய்த்தண்ணி பட்டிருச்சு. மண் போட்டுக் கழுவு."

வெளியே பைப்படியில் ஒரு தகர டின்னில் சலித்த மண் இருந்தது. டின்னின் விளிம்பு துருப்பிடித்துத் தேய்ந்திருந்தது. தினமும் கை பட்டதில் வந்த தேய்மானம். சஞ்சீவனி மண்ணை அள்ளிக் கையில் தேய்த்துக் கழுவினாள். மறுபடி தண்ணீர். மறுபடியும். ஏழு தரம் முடியும்வரை மாமியார் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். யசோதா மகளின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தொடவேண்டும்போல இருந்தது. தொட விடாமல் தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது.

"நாய் ஊட்டுக்குள்ள வரப்படா, வானத்துல இருந்து மலக்குமார் எறங்க மாட்டாங்க" என்றாள் றம்லத், விளக்கம் கேட்டவளுக்குச் சொல்வதுபோல. "வாசலோட நிக்கட்டும்டு செல்லிட்டேன். அதால ஒங்கட மனுசனும் வாசல்லதான் குந்துவாரு. நாய உட்டுட்டு உள்ளுக்கு வாங்கண்டா வரமாட்டாரு. நீங்க வாங்க, இந்தக் கதிரையில குந்துங்க." பிறகு, மனசில் வைத்திருந்ததைக் கேட்டாள். "இத்தன காலமா அவரு வாறாரு. பெத்த உம்மா நீங்க, ஒருக்காச்சும் வந்து பாக்கணும்டு கல்பு செல்லல்லியா ஒங்களுக்கு? மூஞ்சிலயே முழிக்க மாட்டேண்டு சத்தியம் பண்ணினீங்களாமே?"

"நானா?"

"மாமி, உடுங்க" என்றாள் சஞ்சீவனி, ஈரக் கையோடு.

"யாரு சத்தியம் பண்ணினா?" யசோதா மகள் பக்கம் திரும்பினாள். "யாரு சொன்னது?"

"அப்பாதான். சாமி படத்துல அடிச்சு சத்தியம் பண்ணிட்டீங்களாம். நான் இங்க இருக்கிறது தெரிஞ்சா மருந்து குடிச்சிருவீங்களாம். போன் பண்ணவும் வேணாம், வரவும் வேணாம், அம்மா மனசு மாறட்டும், நான் பேசிப் பாக்குறேன்னு சொன்னாரு. ஒவ்வொரு வருசமும் அதையே சொன்னாரு."

யசோதா கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். 

றம்லத்தின் மகன் அஷ்பாக்கோடு சஞ்சீவனி போன அன்றைக்குக் காலையில், வீட்டு முற்றத்தில், சொந்தக்காரர் அத்தனை பேர் முன்னால் இராமநாதன் மகளைத் தலைமுழுகினார். வாளியைத் தலையில் கவிழ்த்துவிட்டு, "நீயும் ஊத்து. நமக்கு அவ செத்துட்டா" என்று அடுத்த வாளியை யசோதா கையில் கொடுத்தார். மார்கழிக் குளிர். அவள் ஊற்றினாள். அன்றிலிருந்து மகளுடைய பேர் சொல்லாமல், படத்தைப் பெட்டிக்கடியில் வைத்து, குசினியில் தேங்காய் துருவும்போது மட்டும் அழுது பழகிக்கொண்டாள். துருவுகிற சத்தத்தில் அழுகை கேட்காது.

அவர்? பவுடர் போட்டுக்கொண்டு மகள் வாசலில் வந்து தேத்தண்ணி குடித்திருக்கிறார்.

சின்ன வீடாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அதற்கு அழுதுவிட்டு, ஏசிவிட்டு, சோறு போடாமல் விட்டிருக்கலாம். இதற்கு என்ன செய்வது?

"எனக்குக் கட்டார்னு சொன்னாருடி" என்றாள். "நீ கட்டார்ல இருக்கிறதா."

சஞ்சீவனியின் வாய் திறந்தபடி நின்றது. றம்லத் தலையில் அடித்துக்கொண்டாள். "மனுசனா இவரு! என்ட ஊட்டு வாசல்ல குந்திட்டு, என்ட தேத்தண்ணியக் குடிச்சிட்டு, என்னையே ஒங்களுக்கு ஏச வச்சிட்டாரே!"

"இந்த நாயி?" என்று யசோதா கேட்டாள்.

"அவரோட கூட்டாளி வீட்டுல போட்ட குட்டி. பின்னேரத்துல வெளிய வர ஒரு சாட்டு வேணும்னு அப்பாதான் கேட்டாரு. பெரிய நாயின்னா ஆட்டோவுல ஏத்த ஏலாதுன்னு, இருக்கிறதுலயே சின்னதாப் பாத்தாரு." சஞ்சீவனி சிரிக்கப் பார்த்தாள். அது அழுகையாகத்தான் வந்தது. "உங்க சேலை ஒன்னு கொண்டாங்கன்னு நான்தான் கேட்டேன். எனக்கு வச்சிக்க. அவரு இதுக்கு ஒற தச்சு, 'டிக்கிரிக்கு'ன்னு மாமி முன்னால குடுத்துட்டாரு. நாய் படுத்த துணிய உள்ளுக்கு எப்பிடி எடுக்க?"

டிக்கிரி எழுந்து நின்றது. ஆடிக்கொண்டுதான் நின்றது. றம்லத் உள்ளே போய் ஒரு அவித்த முட்டையைப் பிய்த்து ஓட்டுச் சட்டியில் வைத்துத் தள்ளிவிட்டாள். சஷ்டி விரதக்காரி அதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.  நாய் தின்றது.

அப்போதுதான் நிலைப்படியோரம் கிடந்த செருப்பைக் கண்டாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற ரோஸ் நிறச் செருப்பு. வார் ஒன்று அறுந்து நூலால் கட்டியிருந்தது.

"இது..." என்றாள். 

சஞ்சீவனி முக்காட்டின் நுனியால் மூக்கைத் துடைத்தாள். "பஸ்லினா. நர்சரி வேன் வர்ற நேரந்தான்."

"எத்தனை வயசு?"

"டிக்கிரிக்கு மூத்தவ."

ஹேன்ட்போன் அடித்தது. மடியில் செருகியிருந்த போனை யசோதா எடுத்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவர்தான்.

"என்னா யசோ, சாப்பாடு இன்னும் வரல? கஜன் அடிச்சாலும் போன் எடுக்க மாட்டேங்குற. எங்க இருக்க?"

போனில் வந்த குரலைக் கேட்டு டிக்கிரி காதை நிமிர்த்தியது. முட்டையை விட்டுவிட்டு ஓடி வந்து, அவள் காலடியில் நின்று, உடம்புக்கு மீறிய குரலில் குரைத்தது.

"டிக்கிரியா அது? அதுக்கு ஒன்னுமில்லையே? வெளியவா வச்சிருக்க, குளிருமே!"

"நல்லாத்தான் இருக்கு. நடத்தக் கூட்டிட்டு வந்தேன்."

"நடத்தவா? நீயா? எங்க?"

"குளத்தைச் சுத்தி" என்றாள் யசோதா.

ஒழுங்கைக்குள் வேன் ஒன்று திரும்பும் சத்தம். "மகள், பிள்ளட வேன் வந்திட்டுது!" என்று றம்லத் உள்ளேயிருந்து கத்தினாள்.

 அந்தக் குரல் யாருடையதென்று அவருக்குத் தெரியாதா? நாலு வருசமாக அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்த குரல்.

"யசோ..." என்றார் இராமநாதன். "யசோ, நான் சொல்றதக் கொஞ்சம்..."

"வர நேரமாகும். விளக்கு வைக்கிற நேரம் ஆயிரும்" என்றாள்.

போனை அணைக்கவில்லை. மாம்பழ நிற மெத்தையின் மேல், குரைக்கிற டிக்கிரியின் முன்னால் அதை அப்படியே வைத்துவிட்டு, அறுந்த வார்ச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கேற்றை நோக்கி நடந்தாள்.